வள்ளலூர்க் கறிவேப்பிலை

ஜனவரி 5, திங்கள்

விடிந்ததும் விடியாததுமாக, கணவனாக இருந்தவனின் சாமான்களை ஏற்றிப்போக லாரி வந்துவிட்டது. சோபா, பீரோ, வாஷிங் மெஷின், பெரிய டிவி எல்லாம் மாதேஷின் பங்கு. ஃப்ரிட்ஜும் கிரைண்டரும் என் பங்கு. எனக்கு எதற்குக் கிரைண்டர் என்று தெரியவில்லை, மாவாட்டி நாளாயிற்று. ஆனாலும் பங்கு என்று வந்தபின் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. கூடம் இப்போது விசாலமாக இருக்கிறது. பெருக்குவது சுலபம்.

லாரி போனதும் கீழ் வீட்டுக் கலாமணியக்கா மேலே வந்தார். கையில் ஒரு தூக்குப்போசி. உள்ளே அரிசிம்பருப்புச் சாதம், மேலே நெய். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாங்கியிருக்க மாட்டேன்.

துணிக்கடையில் கொடுத்த இலவச டைரி சும்மா கிடந்தது. எழுதிப் பார்க்கலாம் என்று ஆரம்பித்திருக்கிறேன். எத்தனை நாளைக்கோ.

ஜனவரி 7, புதன்

ஆபீஸ். வள்ளலூர் சோதனை ஓட்டம் இன்று தொடங்கிவிட்டது.

பின்னாளில் நானே மறந்துபோனால் என்பதற்காக எழுதி வைக்கிறேன். வள்ளலூர் என்பது நாங்கள் செய்யும் இணைய விளையாட்டு. போனில் விளையாடலாம். ஆளுக்கொரு வேடம்: சமையல்காரி, வைத்தியர், படகோட்டி, காவல்காரன். காடு உண்டு, ஆறு உண்டு, குகைக்குள் பூதம் உண்டு. ஆனால் பூதத்தை வெட்டினால் பலம் ஏறாது. கொடுத்தால்தான் ஏறும். குகையில் உங்களிடம் இருக்கும் ஒரே தீப்பந்தத்தை வழி தவறி வந்த இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டு இருட்டில் நின்றால், உங்களுக்குப் 'பேர்' கூடும். பேர் நிறைந்தால் நிஜமாகவே ஒரு மளிகைப் பை கிடைக்கும். அரிசி, பருப்பு, எண்ணெய். வீட்டுக்கு வரவழைத்துக்கொள்ளலாம், அல்லது விளையாட்டில் இருக்கும் வேறு யாருக்காவது அனுப்பச் சொல்லலாம். பைக்கான செலவைச் சென்னையில் ஓர் அறக்கட்டளை ஏற்கிறது. பிப்ரவரி முடிவதற்குள் அவர்கள் சரி என்று சொன்னால் தமிழ்நாடு முழுக்க வெளியிடுவோம். சொல்லாவிட்டால் கடையை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான்.

முதலாளி சென்னியப்பன். இர்ஃபான் நிரல் எழுதுகிறான், மெர்லின் படம் வரைகிறாள். விதிகள் எல்லாம் என் தலை. யோசனையும் என்னுடையதுதான். இதற்காகப் பெரிய கம்பெனி வேலையை விட்டு வந்தவள் நான்.

ஜனவரி 9, வெள்ளி

விளையாட வந்தவர்களின் புத்திசாலித்தனத்தைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. பல்லடத்தில் ஒருவர், சேர்ந்த அன்றே விட்டு ஓடிப்போன ஆட்களின் கணக்குகளைத் தேடிப் பிடித்து அவர்களுக்கு வேப்பங்குச்சியாக அனுப்பித் தள்ளியிருக்கிறார். ஒவ்வொரு குச்சிக்கும் கொடை என்று பேர் ஏறியிருக்கிறது. தினமும் பல் தேய்க்கவே ஆளில்லாத இடத்துக்கு ஒரு மூட்டைக் குச்சி.

புது விதி: வாங்குகிறவர் எடுத்துப் பயன்படுத்தினால்தான் கொடுத்தவருக்குப் பேர்.

ராத்திரிக்குப் பிரெட்.

ஜனவரி 12, திங்கள்

புருஷன் பெண்டாட்டி இருவரும் தனித்தனிக் கணக்கு. அவர் அவளுக்கு விளக்குக் கொடுக்கிறார். அவள் ஏற்றிப் பார்த்துவிட்டு அதே விளக்கைத் திருப்பிக் கொடுக்கிறாள். அவர் மறுபடி கொடுக்கிறார். சாயங்காலத்துக்குள் இருவரும் கர்ணன் பரம்பரை ஆகிவிட்டார்கள்.

எதிர்க்கொடை விதி எழுதினேன். நான் எழுதியதிலேயே இதுதான் கச்சிதமானது. வாங்கியவர் மூன்று நாளுக்குள் கொடுத்தவருக்கே எதையாவது திருப்பிக் கொடுத்தால் அது கொடை அல்ல, வியாபாரம். இருவருக்கும் பேர் கிடையாது. அதையே திரும்பத் திரும்பச் செய்தால் கணக்கு முடக்கம். முடக்கப்பட்டவர் விளையாடலாம், கொடுக்கலாம், ஆனால் பேரும் ஏறாது, பையும் கிடையாது.

சென்னியப்பன் படித்துப் பார்த்துவிட்டு, இதைக் கலியாணத்துக்குப் போடலாமே என்றார். நான் சிரிக்கவில்லை. பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்து டீ வாங்கப் போய்விட்டார்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். கலாமணியக்கா ஒரு கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கலும் ஒரு டிபன் பாக்ஸில் பருப்புப் பூரணம் வைத்த ஒப்புட்டும் கொண்டு வந்தார். கதவைத் திறக்கும்போது நைட்டியில் இருந்தேன். தலைகூடச் சீவவில்லை. அவர் அதைப் பார்த்தது மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

முதலில் வந்த தூக்குப்போசியையும் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. கழுவித் துடைத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். ஏதாவது செய்து கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

ஜனவரி 20, செவ்வாய்

இர்ஃபான் ஒரு சின்ன மாற்றம் செய்திருக்கிறான். இதுவரை சமையல்காரி சோறு கொடுத்தால், சாப்பிட்டதும் பாத்திரத்தோடு மறைந்துவிடும். மெர்லின் பித்தளைத் தூக்கு, எவர்சில்வர் கிண்ணம் என்று அத்தனை அழகாக வரைந்ததெல்லாம் ஒரு நொடியில் காணாமல் போகிறதே என்று குறைப்பட்டாள். இன்றிலிருந்து சோறு தீர்ந்தாலும் பாத்திரம் வாங்கியவர் வீட்டிலேயே இருக்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 21, புதன்

மாதேஷின் வக்கீல் ஒரு கையெழுத்துக்காகக் கூப்பிட்டார். போய்ப் போட்டுவிட்டு வந்தேன். மாதேஷும் வந்திருந்தான். இளைத்திருக்கிறான். விளையாட்டு எப்படிப் போகிறது என்று கேட்டான், நன்றாகப் போகிறது என்றேன்.

கடைசிச் சண்டையில் அவன் சொன்னது ஒன்று உண்டு. "உனக்கு யாராச்சும் ஒரு டீ வாங்கிக் குடுத்தாக்கூட திருப்பி வாங்கிக் குடுக்கற வரைக்கும் தூக்கம் வராது. நீ கொடையப் பத்தி கேம் பண்றயா?" என்றான். வேலை கிடக்கிறது.

ஜனவரி 27, செவ்வாய்

முடக்கப்பட்டவர்கள் எண்ணிக்கை திடீரென்று ஏறுகிறது. போன வாரம் விரல்விட்டு எண்ணலாம் என்கிற அளவில் இருந்தது. இன்று கோபிசெட்டிபாளையத்தில் ஒரே காலனியில் பாதிப் பேர் முடக்கம். எல்லாரும் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் அம்மாக்கள், ஒருவர் சொல்லி ஒருவராக வந்து சேர்ந்தவர்கள். யாரோ ஒருத்தி குறுக்குவழி கண்டுபிடித்து வாட்ஸ்அப்பில் போட்டிருக்க வேண்டும்.

ஜனவரி 30, வெள்ளி

கோபி மட்டுமல்ல. கரூர், தாராபுரம், திண்டுக்கல், மதுரை. எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி. அவர் இவருக்குக் கொடுக்கிறார், மறுநாளோ அதற்கு மறுநாளோ இவர் அவருக்கு எதையோ திருப்பிக் கொடுக்கிறார். கொஞ்சம்கூடக் கூச்சமே இல்லை. மறைக்கக்கூட முயலவில்லை.

இன்னொரு விசித்திரம். காட்டோரம் கறிவேப்பிலைச் செடி ஒன்று உண்டு. மெர்லின் அழகுக்காக வரைந்தது. பறிக்கலாம், ஆனால் அதனால் எந்தப் பயனும் இல்லை, விலையும் இல்லை, பலமும் ஏறாது. இப்போது கூட்டம் கூட்டமாகப் பறிக்கிறார்கள். செடி மொட்டையாக நிற்கிறது. திருட்டு வியாபாரத்துக்கு அதைத்தான் சில்லறையாகப் பயன்படுத்துகிறார்கள் என்று நினைக்கிறேன். மதிப்பில்லாத பொருளாக இருந்தால் நம் கண்ணில் படாது என்ற கணக்கு. என் கண்ணிலா படாது?

சாயங்காலம் கலாமணியக்கா கொள்ளு ரசம் அனுப்பினார். இந்த முறை ஹார்லிக்ஸ் பாட்டிலில். சளி பிடித்திருப்பதை இருமலை வைத்தே தெரிந்துகொண்டார் போலிருக்கிறது. மாடிக்கும் கீழுக்கும் நடுவே தளம் அவ்வளவு மெல்லிசு.

பிப்ரவரி 3, செவ்வாய்

புகார்ப் பெட்டியும் என் தலையில்தான். கோபியிலிருந்து சுலோசனா என்று ஒருவர். சமையல்காரி வேடம். அவருடைய பேர் நிறைந்து, பையும் உறுதியாகி, அதை அரவக்குறிச்சியில் ஜமீலா என்பவருக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார். ஜமீலா விளையாட்டில் படகோட்டி. நிஜத்தில் அவர் கணவர் லாரி ஓட்டுகிறவர், கால் முறிந்து வீட்டில் கிடக்கிறார். இதையெல்லாம் படகில் போகும்போது பேசிக்கொண்டார்களாம். பை கிளம்புவதற்கு முதல் நாள் என் விதி சுலோசனாவை முடக்கிவிட்டது. பை நின்றுவிட்டது.

அவர் கேட்டிருப்பது ஒன்றே ஒன்றுதான். நான் என்ன தப்புங்க பண்ணினேன்? பை வருதுன்னு அந்தப் புள்ளைகிட்டச் சொல்லிட்டேனே.

வழக்கமான பதிலை அனுப்பினேன். விதிகள் எல்லாருக்கும் பொது.

பிப்ரவரி 4, புதன்

சரியாகத் தூங்கவில்லை. இருமல்தான்.

பிப்ரவரி 6, வெள்ளி

அறக்கட்டளையிலிருந்து வைதேகி மேடம் வந்தார். பருத்திச் சேலை, பெரிய மூக்குக் கண்ணாடி, காரியத்தில் கறார். அறிக்கையைப் புரட்டிவிட்டு, உங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேர் திருடர்களாக இருக்கிறார்களே என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னார்.

ஆனால் அவருக்கு அதில் வருத்தமில்லை. மிச்சமுள்ள கால்வாசிப் பேரை வைத்தே நடத்தலாம், செலவும் அவர்களால் தாங்கக்கூடிய அளவில் இருக்கும் என்றார். அவருக்கு வேண்டியதெல்லாம் ஒரு தாள். முடக்கப்பட்ட அத்தனை பேரும் ஏமாற்றியவர்கள்தான் என்று விதியை எழுதியவர் உறுதி சொல்லிக் கையெழுத்திட வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்.

அவர் போனதும் சென்னியப்பன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, ரொம்ப நாளைக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தார். "பொழச்சோம் பானு. ஒரு கையெழுத்துதான். போட்டுட்டு வேலையப் பாக்கலாம்" என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் எழுதி என்ன ஆகப்போகிறது, சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 8, ஞாயிறு

துணி துவைத்தேன், கையால். ரவை வாங்கி வந்தேன், கேசரி செய்து கலாமணியக்காவுக்குக் கொடுக்கலாம் என்று. சர்க்கரை இல்லை. கடை வரை மறுபடி போகச் சோம்பல். மதியம் அவரே பிழிந்த சூட்டோடு சந்தகை கொடுத்துவிட்டுப் போனார், ஐஸ்கிரீம் டப்பாவில். பாத்திரத்தில் தரக்கூடாதா? போகட்டும், டப்பாவிலும் ருசியாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 10, செவ்வாய்

காய்ச்சல். ஆபீஸ் போகவில்லை. கையெழுத்திட வேண்டிய தாளை இர்ஃபான் மத்தியானம் வீட்டுக்கே கொண்டு வந்தான், கூடவே அவன் மனைவி கொடுத்துவிட்ட கஞ்சி. தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனவன் அங்கிருந்தே குரல் கொடுத்தான்.

"அக்கா, பாத்திரக்கடை வைக்கப் போறீங்களா?"

அலமாரியில் வரிசையாகத் தூக்குப்போசி, கிண்ணம், டிபன் பாக்ஸ், ஹார்லிக்ஸ் பாட்டில், ஐஸ்கிரீம் டப்பா. எல்லாம் பளபளவென்று கழுவி வைத்தவை. கீழ் வீட்டு அக்காவுடையது, பொங்கலுக்கு முன்னாலிருந்தே சேர்கிறது என்றேன். பொங்கலுக்கு முன்னால் வந்ததுகூட இங்கேதான் இருக்கிறதா, ஏன் திருப்பிக் கொடுக்கவில்லை என்று கேட்டான்.

"வெறும் போசிய எப்படிடா குடுக்கறது? எதாச்சும் போட்டுத்தான குடுக்கோணும்" என்றேன்.

சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவனும் தண்ணீர்ச் செம்போடு வாசற்படியில் நின்றான்.

"அக்கா" என்றான்.

"தெரியுது" என்றேன்.

அந்தச் செடி ஏன் மொட்டையானது என்று இப்போது தெரிகிறது. ஆளுக்கொரு பாத்திரத்தை நாங்கள்தான் அவர்கள் வீட்டில் கொண்டுபோய் வைத்தோம். அடுத்தவர் பாத்திரம் வீட்டில் இருந்தால் நம் ஜனங்கள் என்ன செய்வார்கள்? திருப்பிக் கொடுப்பார்கள். வெறுமனே கொடுப்பார்களா? தாராபுரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் அம்மா பக்கத்து வீட்டுக் கிண்ணத்தில் இரண்டு பச்சை மிளகாயாவது போடாமல் திருப்பித் தந்ததே இல்லை. இதை யோசிக்காமல் விதி எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. காய்ச்சலைவிட இதுதான் அதிகமாகச் சுடுகிறது.

பிப்ரவரி 11, புதன்

காய்ச்சலோடு ஆபீஸ் போனேன். இர்ஃபானும் நானும் முடக்கப்பட்டவர்களின் பரிமாற்றங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். இத்தனை நாளும் திருப்பிக் கொடுத்தார்களா இல்லையா என்று மட்டுமே பார்த்தோம், என்ன கொடுத்தார்கள் என்று பார்க்கவே இல்லை. தூக்கு நிறைய பிரியாணி வாங்கியவர் அதே தூக்கில் ஒரு பிடி சர்க்கரை போட்டு அனுப்பியிருக்கிறார். கிண்ணத்தில் மருந்து வாங்கியவர் ஒரு முழம் மல்லிகை. வைக்க ஒன்றுமில்லாத புது ஆட்கள், காட்டோரம் போய் ஒரு கொத்துக் கறிவேப்பிலை. நானாவது வியாபாரம் செய்பவர்களின் லட்சணம் இதுவா என்று ஒரு முறை திறந்து பார்த்திருக்கலாம்.

இன்னொன்றும் தெரிந்தது. முடக்கிய பிறகும் யாரும் நிறுத்தவில்லை. பேர் ஏறாது, பை வராது என்று தெரிந்தும் சோறு போய்க்கொண்டே இருக்கிறது, பாத்திரம் வந்துகொண்டே இருக்கிறது. சுலோசனாதான் எல்லாரையும்விட அதிகம். நான் விதிகள் எல்லாருக்கும் பொது என்று பதில் போட்ட அன்று மாலையே அவர் குகைவாசலில் நின்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் இட்லி கொடுத்திருக்கிறார்.

எனக்கு அழுகை வந்தது. இர்ஃபான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான், நல்ல பையன்.

பிப்ரவரி 12, வியாழன்

சென்னியப்பனிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டார். பிறகு, இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் வேலை நடக்கும், விதியை அப்புறமாக நாமே சத்தமில்லாமல் மாற்றிக்கொள்ளலாமே என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. மெர்லினுக்கு வரும் வைகாசியில் கல்யாணம், இர்ஃபானுக்குக் கைக்குழந்தை. எனக்கு இதை விட்டால் காலி வீடும் கிரைண்டரும்தான்.

"அத்தன பேரும் ஏமாத்துனவங்கன்னு நான் எழுதிக் குடுக்க மாட்டனுங்க" என்றேன்.

"அப்ப கடைய மூடறதுக்குத் தயாரா இருந்துக்க" என்றார். கோபமில்லை. களைப்பாகச் சொன்னார்.

பிப்ரவரி 13, வெள்ளி

வைதேகி மேடத்திடம் நானே பேசினேன். தாளைக் கையெழுத்தில்லாமல் மேஜைமேல் வைத்தேன். தப்பு அவர்களுடையது அல்ல, என் விதியுடையது என்றேன். பாத்திரம், சர்க்கரை, கறிவேப்பிலை எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார். சிரித்தார்கூட. அவர் வீட்டிலும் அப்படித்தானாம், பிளாஸ்டிக் டப்பாவாக இருந்தாலும் ஒரு வாழைப்பழமாவது வைப்பாராம்.

உற்சாகத்தில் நான் அடுத்ததையும் சொல்லிவிட்டேன். முடக்கிய பிறகும் அவர்கள் கொடுப்பதை நிறுத்தவில்லை என்று.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அப்போ எங்க பை இல்லாமயே குடுக்கறாங்க. பிறகு நாங்க எதுக்கு?" என்றார்.

விளையாட்டுச் சோறு ஜமீலா வீட்டு உலையில் வேகாதே என்று சொல்லியிருக்க வேண்டும். வெளியே வந்து படியிறங்கும்போதுதான் அது தோன்றியது.

பிப்ரவரி 18, புதன்

அறக்கட்டளையின் கடிதம் வந்துவிட்டது. பாராட்டு ஒரு பத்தி, வருத்தம் ஒரு பத்தி. பை கிடையாது.

பிப்ரவரி 20, வெள்ளி

சென்னியப்பன் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வருகைப்பதிவுச் செயலி செய்து கொடுக்கும் வேலை பிடித்து வந்திருக்கிறார். கடை இப்போதைக்கு மூடாது. வள்ளலூரைப் பங்குனி வரை அப்படியே ஓட விடலாம், அதற்குமேல் சர்வர் தாங்காது என்றார். என்மேல் வருத்தமா என்று கேட்டேன். வருத்தம்தான், ஆனால் ராத்திரி தூக்கம் வருகிறது என்றார்.

முடக்கத்தையெல்லாம் நீக்கினேன். பேர், பை இரண்டையும் எடுத்துவிட்டேன். எல்லாருக்கும் ஓர் அறிவிப்பு: தவறு எங்களுடையது, மன்னிக்கவும், இனிமேல் இங்கே கொடுத்தால் எதுவும் கிடைக்காது.

பிப்ரவரி 23, திங்கள்

திங்கட்கிழமைக்குள் ஊர் காலியாகிவிடும் என்று இர்ஃபானிடம் சொல்லியிருந்தேன். பல்லடத்து வேப்பங்குச்சிக்காரர் போய்விட்டார். இன்னும் கொஞ்சம் பேர் போனார்கள். மற்றவர்கள் இருக்கிறார்கள். காட்டோரச் செடி மறுபடி மொட்டை. இர்ஃபான் யாரிடமும் கேட்காமல் இன்னும் நாலு செடி நட்டு வைத்திருக்கிறான்.

பிப்ரவரி 26, வியாழன்

சுலோசனாவுக்கு போன் செய்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இரண்டு வாரமாக மனதில் இருந்தது. நான்தான் முடக்கியவள் என்று சொன்னதும் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். சாப்பிட்டீங்களா என்று கேட்டார்.

ஜமீலாவுக்கு வர வேண்டிய பை நின்றுபோனது என்னால்தான், இப்போது அறக்கட்டளையும் விலகிவிட்டது, நானே ஒரு பை அனுப்புகிறேன், விலாசம் கொடுங்கள் என்றேன்.

"அதெல்லாம் அப்பவே போயிருச்சுங்க" என்றார். "நீங்க பையி வராதுன்னு சொன்னீங்க. நான் சொன்ன சொல்லு என்னாகறது? காலனில நாலு பேரு சேந்து அரிசி பருப்பெல்லாம் கட்டி கரூர் பஸ்ல போட்டு விட்டுட்டோம். எங்க நாத்தனா கலியாணத்துல குடுத்த மஞ்சப்பை, அதுலதான்."

அவரே தொடர்ந்தார்.

"நேத்து அந்தப் பையி திரும்பி வந்துருச்சுங்க. அதே பஸ்ஸு, அதே கண்டக்டரு. உள்ளாற முருங்கக்கா. அந்தப் புள்ள வீட்டு மரத்துலதாமா. அவங்களுக்கே வழியில்லாம இருக்காங்க, பைய வெறுசா அனுப்ப மனசு வரல பாருங்க. நான் காலனிக்கே பிரிச்சுக் குடுத்தேன். இன்னைக்கு எல்லார் வீட்டுலயும் முருங்கக்கா சாம்பாரு."

இந்த இரண்டு பெண்களும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. நான் கட்டிய ஆற்றில் ஒருத்தி படகு ஓட்டினாள், ஒருத்தி ஏறினாள். என் விதிகளில் ஒன்றுகூட அவர்களுக்கு உதவவில்லை. ஆறு உதவியிருக்கிறது. எனக்கு அது போதும் என்று தோன்றியது. நிஜமாகவே போதும்.

பிப்ரவரி 28, சனி

சர்க்கரை நிறைய வாங்கி வந்தேன். கேசரி அடிப்பிடித்துவிட்டது. வாணலியை ஊறப் போட்டிருக்கிறேன்.

மார்ச் 1, ஞாயிறு

காலையில் எல்லாப் பாத்திரங்களையும் மறுபடி ஒருமுறை துடைத்தேன். தூக்குப்போசியில் சர்க்கரை, கிண்ணத்தில் சர்க்கரை, டிபன் பாக்ஸில் சர்க்கரை, ஹார்லிக்ஸ் பாட்டிலிலும் சர்க்கரை. ஐஸ்கிரீம் டப்பாவுக்கு வரும்போது தீர்ந்துவிட்டது. அதில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை வைத்தேன். எல்லாவற்றையும் ஒரு கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். கால் தடுக்கிவிடுமோ என்று பயம்; படியைக் கண்டு அல்ல, அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று.

கலாமணியக்கா ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். திறக்கத் திறக்கச் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

"ஏனம்மிணி, இத்தன சர்க்கரைய வெச்சு நான் என்ன பண்ட்டும்? ஊட்டுக்கு ஒறம்பரையா வருது, விருந்தாக்கறதுக்கு?"

கேசரி தீய்ந்த கதையைச் சொன்னேன். இத்தனை நாள் வைத்திருந்ததற்குக் காரணமும் சொன்னேன், வெறும் பாத்திரமாகக் கொடுக்க மனம் வராமல்தான் என்று. அவர் ஐஸ்கிரீம் டப்பாவிலிருந்த கறிவேப்பிலையை எடுத்து மோந்து பார்த்தார்.

"நான் போசியயா பாத்துட்டிருந்தேன்? நீ திங்கறயான்னுதான் பாத்துட்டிருந்தேன்" என்றார்.

அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. போய் இறக்கிவிட்டு வந்தார். நான் கிளம்புகிறேன் என்று எழுந்தேன். வழக்கம்போல ஏதாவது ஒன்றில் ஊற்றிக் கொடுப்பார் என்று நினைத்து, காலியாயிருந்த கூடையைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

கூடையை வாங்கி ஓரமாக வைத்தார்.

"இனி உனக்குப் போசில குடுக்க மாட்டேன். குடுத்தா மறுக்கா ரெண்டு மாசம் ரோசன பண்ணிட்டிருப்பே. உள்ளாற வந்து உக்காந்து உண்டுட்டுப் போ."

உட்கார்ந்தேன். அரிசிம்பருப்புச் சாதம். நான் கொண்டுபோன கறிவேப்பிலையைத்தான் அவசரமாகத் தாளித்துக் கொட்டியிருந்தார். இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். மூன்றாம் முறை அவரே வைத்தார். கை கழுவிவிட்டு, வெறுங்கையோடு மாடியேறி வந்தேன்.